சிங்கப்பூர்க் காற்றைக் கண்காணிக்கத் தொடங்குபவர்களுக்கு

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவிலிருந்து புகைமூட்டம் வந்துவிட்டால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காற்று மாசு எண்கள் பறக்கத் தொடங்கும். ஒருவர் 78 என்பார். இன்னொருவர் வேறொரு செயலியின் படத்தைப் போட்டு 102 என்பார். மூன்றாமவர் 36தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்பார். மூன்று பேர் சொல்வதும் ஒரே காற்றைப் பற்றியதாக இருக்கலாம், மூன்றும் சரியாகவும் இருக்கலாம். ஏன் என்று தெரியாததால் ஒரு பக்கம் வீண் பயம், இன்னொரு பக்கம் அலட்சியம்.

காற்றில் மிதக்கும் துகள்களைத் தாமாகவே கவனிக்க விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிவியல் பட்டம் வேண்டாம். முதல் சில படிகளுக்குக் கருவியும் வேண்டாம், கைப்பேசியும் கொஞ்சம் பொறுமையும் போதும். எந்த ஒரு எண்ணையும் தனியாக நம்பாமல், தரையில் உள்ள அளவு, காற்றின் திசை, தலைக்குமேல் உள்ள துகள் படலம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கப் பழகினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எதை அளக்கிறோம்

காற்றில் மிதக்கும் திட, திரவத் துகள்கள் எல்லாவற்றுக்கும் ஏரோசால் என்று பெயர். கடல் உப்பு, வாகனப் புகைக்கரி, சல்ஃபேட், காட்டுத்தீப் புகை, பாலைவனத் தூசு எல்லாம் இதில் அடங்கும். இவற்றில் 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைவான விட்டம் கொண்டவையே பிஎம் 2.5. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் தடுக்க முடியாமல் நுரையீரலின் ஆழம்வரை போய்விடுவதால்தான் மருத்துவர்கள் இதற்கு அஞ்சுகிறார்கள்.

இந்தத் துகள்களைப் பற்றிக் கற்றுக்கொள்ள சிங்கப்பூர் மிக நல்ல இடம். மேற்கே ஜூரோங் தீவின் சுத்திகரிப்பு ஆலைகள், தெற்கே நீரிணையில் ஓயாத கப்பல் போக்குவரத்து, தீவெங்கும் விரைவுச்சாலைகள், சுற்றிலும் கடல் உப்பு, சில மாதங்களில் அண்டை நாட்டுத் தீயின் புகை. இத்தனை மூலங்களும் இவ்வளவு சிறிய பரப்பில் சந்திக்கும் ஊர்கள் அதிகமில்லை.

முதல் படி: அதிகாரபூர்வ எண்களைச் சரியாகப் படிப்பது

தேசியச் சுற்றுப்புற வாரியம் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்திய பகுதி என ஐந்து வட்டாரங்களுக்கும் மணிக்கு ஒருமுறை எண்களை வெளியிடுகிறது. மைஇஎன்வி செயலியில் பார்க்கலாம். அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்திலிருந்து இலவசமாகப் பதிவிறக்கவும் செய்யலாம். இரண்டு எண்களைப் பிரித்து அறிய வேண்டும்.

முதலாவது, 24 மணிநேர பிஎஸ்ஐ, அதாவது காற்று மாசுக் குறியீடு. பிஎம் 2.5, பிஎம் 10 (10 மைக்ரோமீட்டர் வரையான துகள்கள்), ஓசோன், சல்ஃபர் டைஆக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு என ஆறு மாசுகளுக்கும் தனித்தனியாகக் குறியீடு கணக்கிட்டு, அவற்றில் மிக உயர்ந்ததையே அறிவிக்கிறார்கள். பிஎம் 2.5 இந்தக் கணக்கில் சேர்ந்தது 2014 ஏப்ரலில். 50 வரை நல்ல நிலை, 100 வரை மிதமான நிலை, 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்ற நிலை, 300 வரை மிகவும் ஆரோக்கியமற்ற நிலை, அதற்குமேல் அபாயம்.

இரண்டாவது, 1 மணிநேர பிஎம் 2.5. இது குறியீடு அல்ல, நேரடி அளவு: ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் துகள் என்பது. 55 வரை இயல்பு, 56 முதல் 150 வரை உயர்வு, 151 முதல் 250 வரை அதிகம், அதற்குமேல் மிக அதிகம்.

இப்போது வாட்ஸ்அப் குழப்பத்துக்கு வருவோம். 24 மணிநேரச் சராசரி பிஎம் 2.5 அளவு 36 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்ஐ கணக்கில் 12 மைக்ரோகிராம் என்பது 50க்கும், 55 மைக்ரோகிராம் என்பது 100க்கும் சமம். இடைப்பட்டதை நேர்விகிதத்தில் கணக்கிட வேண்டும்: 36லிருந்து 12ஐக் கழித்தால் 24. அதை 43ஆல் வகுத்து 50ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 28. அதோடு 50ஐக் கூட்டினால் 78. அதே 36 மைக்ரோகிராமை அமெரிக்காவின் காற்றுத் தரக் குறியீடான ஏக்யூஐ அளவுகோல் 102 என்று காட்டும். ஆக, 36, 78, 102 மூன்றும் ஒன்றுதான். வெளிநாட்டுச் செயலியின் எண்ணைப் பார்த்தால் அது எந்த அளவுகோல் என்பதை முதலில் தேடிப் பாருங்கள்.

பிள்ளையைப் பூப்பந்துப் பயிற்சிக்கு அனுப்பலாமா, அம்மா மாலை நடைக்குப் போகலாமா என்பதற்கு 1 மணிநேர பிஎம் 2.5ஐப் பாருங்கள். நாளைக்குத் திட்டமிட 24 மணிநேர பிஎஸ்ஐ முன்கணிப்பைப் பாருங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குப் புகை வந்து மணிநேர அளவு 120க்கு ஏறினாலும், காலைவரை சுத்தமாக இருந்ததால் 24 மணிநேர எண் சாதுவாகவே தெரியும். புகை விலகிய பிறகு இதற்கு நேர்மாறாக நடக்கும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் அக்கம்பக்கத்தில் உள்ள மூத்தோருக்கு எடுத்துச் சொன்னாலே பெரிய உதவி.

பழைய எண்களோடு ஒப்பிடும்போதும் கவனம் தேவை. 2013 ஜூன் 21 நண்பகலில் பதிவான 401 என்ற உச்சம் 3 மணிநேர பிஎஸ்ஐ. இன்றைய 24 மணிநேர எண்ணோடு அதை அப்படியே பக்கத்தில் வைக்கக்கூடாது.

'மிதம்' என்ற சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த வரம்பு ஆண்டுச் சராசரிக்கு 5 மைக்ரோகிராம், ஒரு நாளுக்கு 15. மிதமான நிலை அதைவிட வெகுதூரம் மேலே போகிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த 15ஐத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டாம் படி: காற்று எங்கிருந்து வருகிறது

எண் ஏறிய பிறகு பார்ப்பதைவிட, ஏறப்போகிறதா என்று பார்ப்பது நல்லது. அதற்குப் பருவக்காற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று வீசும், சுமத்ரா அந்தத் திசையில்தான் இருக்கிறது. வறட்சி நீடித்தால் அக்டோபரிலும் தொல்லை தொடரும். டிசம்பர் வாக்கில் வடகிழக்குப் பருவக்காற்று வந்ததும் மழையும் திசை மாற்றமும் சேர்ந்து காற்றைச் சுத்தமாக்கிவிடும். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் சுமத்ராவும், போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானும் காய்ந்து கிடக்கும். 1997, 2015 ஆகியவை அப்படிப்பட்ட ஆண்டுகள். 2015 செப்டம்பர் 25 அன்று தொடக்கநிலை, உயர்நிலைப் பள்ளிகளையே மூட வேண்டியதாயிற்று.

அங்கே எரிவது மரம் மட்டுமல்ல. பீட் எனப்படும் கரிமண் நிலம் எரிகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கிய தாவரங்கள் சேர்ந்த சதுப்பு அது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து உலர்த்திவிட்டால், தீ மண்ணுக்குள் இறங்கி வாரக்கணக்கில் புகையும். கொழுந்துவிட்டு எரியாமல் புகைவதால்தான் அவ்வளவு துகள் வெளியாகிறது.

ஆசியான் சிறப்பு வானிலை ஆய்வு நிலையம் சிங்கப்பூரிலேயே, நம் வானிலை ஆய்வகத்தின் பொறுப்பில் இயங்குகிறது. தினமும் தீப்புள்ளிகளின் (துணைக்கோள் கண்டறியும் தீ இருக்கும் இடங்களின்) எண்ணிக்கை, புகைப் பரவல், காற்றின் திசை மூன்றையும் வரைபடமாக வெளியிடுகிறது. நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்தில் மோடிஸ், வியர்ஸ் என்ற துணைக்கோள் கருவிகள் கண்ட தீப்புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

தீப்புள்ளி குறைவு என்றதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். மேகம் மூடியிருந்தால் துணைக்கோளுக்குத் தீ தெரியாது. மண்ணுக்கடியில் புகையும் கரிமண் தீயின் வெப்பம் குறைவாக இருப்பதால் தப்பிவிடும். தீப்புள்ளிகள் நிறைய இருந்தும் காற்று வேறு பக்கம் வீசினால் நமக்கு ஒன்றும் ஆகாது.

புகை வந்துசேரும் நேரத்தை நீங்களே கணக்கிடலாம். தெற்குச் சுமத்ராவின் பலெம்பாங் நகரம் இங்கிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர். காற்று மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வந்தால் சுமார் 28 மணிநேரம் ஆகும். நேராக வருவது அபூர்வம் என்பதால், அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா இலவசமாகத் தரும் ஹைஸ்பிளிட் என்ற இணையக் கருவியைப் பயன்படுத்திப் பாருங்கள். சிங்கப்பூரைக் குறித்து, உயரம் 500 மீட்டர், பின்னோக்கி 48 மணிநேரம் என்று கொடுத்தால், இப்போது நம் தலைக்குமேல் உள்ள காற்று எந்தப் பாதையில் வந்தது என்பதைக் கோடாக வரைந்து காட்டும். அந்தக் கோட்டை முதன்முறை தீப்புள்ளி வரைபடத்தின்மேல் வைத்துப் பார்க்கும்போது விஷயம் சட்டென்று விளங்கும்.

கோடு தென்சீனக் கடல் பக்கமிருந்து வந்திருக்க, மேற்கு வட்டாரத்தில் மட்டும் எண் ஏறியிருந்தால்? அப்போது மூலம் உள்ளூரில் இருக்க வாய்ப்பு அதிகம். சல்ஃபர் டைஆக்சைடும் சேர்ந்து ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அது பெரும்பாலும் ஆலைகளையும் கப்பல்களையும் காட்டிக்கொடுக்கும். காலை, மாலை நெரிசல் நேரத்தில் நைட்ரஜன் டைஆக்சைடு ஏறினால் வாகனங்கள்.

மூன்றாம் படி: தலைக்குமேல் உள்ள படலம்

இதுவரை பார்த்தது மூக்கருகே உள்ள காற்று. பருவநிலைக்கு முக்கியம் தரையிலிருந்து வானம்வரை உள்ள மொத்தத் துகள்கள். இதை ஏரோசால் ஒளியியல் ஆழம், சுருக்கமாக ஏஓடி, என்பார்கள். வெயிலின் நேரடிக் கதிரில் எவ்வளவு இந்தப் படலத்தில் சிதறியும் உறிஞ்சப்பட்டும் போகிறது என்பதே கணக்கு. சூரியன் உச்சியில் இருக்கும்போது ஏஓடி 0.2 என்றால் கதிரில் ஏறத்தாழ 82 விழுக்காடு துகள்களைக் கடந்து நேராக வரும். 1 என்றால் 37 விழுக்காடு. 2 என்றால் 14 விழுக்காடுகூட இல்லை. 0.1க்குக் கீழே இருந்தால் துல்லியமான நீல வானம்.

இதை அளக்க நாசாவின் ஏரோநெட் என்ற உலகளாவிய வலையமைப்பு இருக்கிறது. சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒளிமானிகள், பல அலைநீளங்களில் அளவெடுக்கும். கென்ட் ரிட்ஜில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் இதன் நிலையம் ஒன்று உண்டு. ஏரோநெட் தளத்தில் 'சிங்கப்பூர்' என்றே தேடலாம். தரவு மூன்று நிலைகளில் கிடைக்கும்: 1.0 வடிகட்டாதது, 1.5 மேகம் நீக்கியது, 2.0 தரச் சரிபார்ப்பு முடிந்தது. இன்றைய நிலையை அறிய 1.5 போதும். பழைய ஆண்டுகளை ஆராய 2.0தான் வேண்டும்.

அதே தளத்தில் ஆங்ஸ்ட்ரோம் அடுக்கு என்று ஒரு எண்ணும் இருக்கும். இதைப் புதியவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் எனக்கு மிகவும் பிடித்த எண் இதுதான். அது 1.5க்கு மேல் இருந்தால் துகள்கள் மிக நுண்ணியவை, பெரும்பாலும் புகை அல்லது நகர மாசு. 1க்குக் கீழே இறங்கினால் கடல் உப்பு, தூசு போன்ற பருத்த துகள்கள். ஏஓடி எவ்வளவு என்று சொல்லும். இது எப்படிப்பட்டது என்று சொல்லும்.

நம் ஊரில் பெரிய இடைஞ்சல் மேகம். ஒளிமானிக்கும் சரி, துணைக்கோளுக்கும் சரி, மேகம் வந்தால் அளவு கிடையாது. கண்ணுக்கே தெரியாத மெல்லிய உயர்மேகம் துகள் என்று தவறாகக் கணக்கில் சேர்வதும் உண்டு. நாசாவின் டெர்ரா, அக்குவா துணைக்கோள்கள் நாளுக்கு ஓரிரு முறை மட்டுமே கடந்து போகும் என்பதால் பல நாள்கள் வெற்றிடமாகவே இருக்கும். ஜப்பானின் ஹிமவாரி புவிநிலைத் துணைக்கோள் 10 நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுக்கிறது. மேகங்களுக்கு நடுவே இடைவெளி கிடைக்கும் வாய்ப்பு அதில்தான் அதிகம்.

ஏஓடி உயர்ந்தும் தரையில் பிஎம் 2.5 குறைவாக இருக்கும் நாள்கள் வரும். புகை மேலடுக்கில் மிதந்துபோகிறது என்று பொருள். வானம் வெளுத்திருக்கும், சூரியன் மறையும்போது சிவந்திருக்கும், மூச்சுக்குத் தொல்லை இராது. பிற்பகல் வெப்பத்தில் காற்று கலங்கும்போது அந்தப் புகை கீழே இறங்கக்கூடும் என்பதால், அன்றைக்கு மணிநேர எண்ணை அடிக்கடி பாருங்கள்.

நான்காம் படி: வீட்டில் ஒரு உணர்கருவி

இது கட்டாயமில்லை. முதல் மூன்று படிகளிலேயே சில மாதங்கள் இருந்துவிட்டு வாங்குவது நல்லது. பிளான்டவர், சென்சிரியன் போன்ற நிறுவனங்களின் சிறு உணர்கருவிகள் லேசர் ஒளியைத் துகள்கள் சிதறடிப்பதை வைத்து அளவைக் கணிக்கின்றன. எடைபோடுவதில்லை, கணிக்கின்றன. அதனால்தான் ஈரப்பதம் இவற்றுக்குப் பெரும் சவால். சிங்கப்பூரில் விடியலுக்கு முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். ஈரத்தில் உப்பும் சல்ஃபேட்டும் நீரை உறிஞ்சிப் பருக்கும், கருவியோ மாசு கூடிவிட்டது என்று காட்டும். ஆகவே ஈரப்பத உணர்கருவியும் சேர்ந்த ஒன்றையே வாங்குங்கள்.

வைக்கும் இடம் முக்கியம். வீவக அடுக்குமாடி வீட்டில் சன்னலுக்கு வெளியே எதையும் தொங்கவிட வேண்டாம். மேலிருந்து பொருள் விழுந்தால் உயிருக்கே ஆபத்து, சட்டப்படி குற்றமும்கூட. பால்கனியின் உட்புறமோ, துணி காயவைக்கும் பகுதியின் உள்சுவரோ ஏற்றது. மழைச்சாரல் படக்கூடாது, ஏர்கான் இயந்திரத்தின் சூடான காற்று நேரே அடிக்கக்கூடாது, அடுப்படியிலிருந்து தள்ளியிருக்க வேண்டும். பொது நடைபாதையில் வைத்து வழியை மறிக்காதீர்கள்.

பொருத்திய பிறகு ஒரு சாம்பிராணியோ ஊதுபத்தியோ ஏற்றிப் பாருங்கள். எண் எகிறும், சன்னலைத் திறந்ததும் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தாளிக்கும்போதும் மீன் பொரிக்கும்போதும் பாருங்கள். வெளிக்காற்றைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நாம் பூசை அறையையும் சமையலறையையும் காற்றோட்டமாக வைத்துக்கொள்ளாவிட்டால் பயனில்லை. தீபாவளி மத்தாப்பு, சீனர்களின் ஏழாம் மாதத்தில் புளோக்கின் கீழே எரிக்கப்படும் காகிதங்கள் எல்லாம் உங்கள் வரைபடத்தில் குறுகிய சிகரங்களாகத் தெரியும். புகைமூட்டமோ மணிக்கணக்கில் நீளும் மேடு. இந்த வடிவ வேறுபாட்டைக் கண் பழகிவிட்டால் மூலத்தை ஊகிப்பது எளிது.

அளவைச் சரிப்படுத்த, உங்கள் கருவியின் மணிநேரச் சராசரியையும் உங்கள் வட்டாரத்தின் அதிகாரபூர்வ 1 மணிநேர பிஎம் 2.5ஐயும் சில வாரங்களுக்கு ஒரு விரிதாளில் அருகருகே போடுங்கள். வறண்ட பிற்பகல்களைத் தனியாகவும் ஈரமான அதிகாலைகளைத் தனியாகவும் ஒப்பிட்டால், எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்பது தெரிந்துவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு, இதே வகை உணர்கருவிகளான பர்ப்பிள்ஏர் கருவிகளுக்குத் தந்த திருத்தச் சூத்திரம் அளவை ஏறத்தாழப் பாதியாக்கி, ஈரப்பதத்துக்கு ஏற்ப மேலும் குறைக்கிறது. அது அந்நாட்டுக் காற்றுக்கு உருவானது. இங்கே அப்படியே போடாமல், நம் காற்றை வைத்தே உங்கள் திருத்தத்தைக் கண்டுபிடியுங்கள். திருத்தாத எண்ணைக் குழுக்களில் பரப்பாதீர்கள்.

ஐந்தாம் படி: பருவநிலையோடு இணைத்துப் பார்ப்பது

பெரும்பாலான துகள்கள் வெயிலைத் திருப்பி அனுப்பிப் பூமியைக் குளிர்விக்கின்றன. 1991இல் பிலிப்பீன்ஸில் பினாத்துபோ எரிமலை வெடித்தபோது மேல்வளிமண்டலத்தில் சேர்ந்த சல்ஃபேட், உலக வெப்பத்தை ஏறத்தாழ அரை டிகிரி தற்காலிகமாகக் குறைத்தது. புகைக்கரி இதற்கு எதிர்: வெயிலை உறிஞ்சி, தானிருக்கும் காற்றடுக்கைச் சூடாக்கும். துகள்கள் மேகத்துளிகளுக்கு விதையாகவும் அமைகின்றன. விதை கூடினால் துளிகள் சிறிதாகி எண்ணிக்கையில் பெருகும், மேகம் கூடுதலாக வெளுத்து வெயிலை அதிகம் திருப்பும்.

பருவநிலை மாற்றத்துக்கான ஐநா அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கைப்படி, தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் கரியமில வாயு ஒரு சதுர மீட்டருக்கு 2.16 வாட் அளவுக்குப் பூமியைச் சூடாக்குகிறது. துகள்கள் எல்லாம் சேர்ந்து 1.1 வாட் அளவுக்குக் குளிர்விக்கின்றன. இரண்டாவது எண்ணின் நிச்சயமின்மை மிகப் பெரிது: 0.4 முதல் 1.7 வரை. பருவநிலைக் கணிப்புகளில் உள்ள பெரிய ஐயங்களில் இது ஒன்று, ஏரோநெட் போன்ற அளவீடுகள் தொடர வேண்டியதும் இதனால்தான்.

இந்தக் கதையின் ஓர் அத்தியாயம் நம் நீரிணையிலேயே நடந்திருக்கிறது. இந்தியப் பெருங்கடல், தென்சீனக் கடல் வழியே செல்லும் கப்பல் பாதைகளுக்கு மேலே மின்னல் இருமடங்கு அதிகம் என்று 2017இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கப்பல் புகையின் துகள்கள் இடிமேகங்களை மாற்றியதே காரணம் என்றார்கள். 2020 சனவரி முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. அதன் பிறகு அந்தப் பாதைகளில் மின்னல் ஏறத்தாழப் பாதியானது. உலகிலேயே அதிகமாகக் கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் துறைமுகம் நம்முடையது என்பதால் இதை ஒவ்வொரு சிங்கப்பூரரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் காற்றைச் சுத்தம் செய்தால் பூமி சூடாகுமே, விட்டுவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. தாழ்வான காற்றில் உள்ள துகள் சில நாள்களில் மழையோடு கீழே வந்துவிடும், கரியமில வாயு நூற்றாண்டுகள் தங்கும். நாள்தோறும் நஞ்சை ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் அந்தக் குளிர்ச்சி கிடைக்கும், அதற்கு விலை மனித நுரையீரல். வெளிக்காற்றின் மாசால் 2019இல் உலகில் 42 லட்சம் பேர் அகால மரணம் அடைந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் குறைக்க வேண்டும். கரிமண் தீயைத் தடுப்பது இரண்டுக்குமே உதவும்: 1997இல் இந்தோனேசியாவில் அந்த நிலங்கள் எரிந்தபோது வெளியான கரிமம், அன்றைய உலகப் புதைபடிவ எரிபொருள் வெளியீட்டில் 13 முதல் 40 விழுக்காட்டுக்குச் சமம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

குறிப்பேடு

தினமும் ஒரே நேரத்தில், பிற்பகல் மூன்று மணி என்று வைத்துக்கொள்ளலாம், ஒரு வரி எழுதுங்கள். தேதி, உங்கள் வட்டார பிஎம் 2.5, 24 மணிநேர பிஎஸ்ஐ, காற்றின் திசை, ஏஓடி கிடைத்தால் அது, மழை பெய்ததா, தூரத்துக் கட்டடம் ஒன்று தெரிகிறதா. எப்போதும் அதே கட்டடத்தையே பாருங்கள். அதே சன்னலிலிருந்து ஒரு படமும் எடுத்து வையுங்கள். கைப்பேசியின் தானியங்கி வண்ணத் திருத்தம் புகைமூட்டத்தை மறைத்துவிடும் என்பதால் அதை அணைத்துவிட்டு எடுங்கள்.

பிப்ரவரியில் தொடங்கினால் சுத்தமான காற்றின் அடிப்படை அளவு கையில் கிடைத்துவிடும். ஆகஸ்டில் எண் ஏறும்போது ஒப்பிட அது வேண்டும். தொடங்குவதற்கு ஏற்ற மாதம் பிப்ரவரிதான். ஆனால் இதை நீங்கள் செப்டம்பரில் படித்தால், இன்றைய வரியை இன்றே எழுதிவிடுங்கள்.